ஃப்ளோரசென்ட்டா, பாஸ்போரசென்ட்டா: மாடிப்படிக்கு எந்த ஸ்டிக்கர்?

மொட்டைமாடி:
வணக்கம் நண்பர்களே. எங்கள் குடியிருப்பில் கரண்ட் போனால் படிக்கட்டு கும்மிருட்டாகிவிடும். ஜெனரேட்டர் ஓட ஆரம்பிப்பதற்குள் பெரியவர்கள் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். படி விளிம்பில் ஒளிரும் டேப் ஒட்டலாம் என்று சங்கக் கூட்டத்தில் முடிவானது. வாங்கி வரும் பொறுப்பு என்னுடையது.

ஸ்டிக்கர் கடையில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: ரேடியம். இரண்டு சாம்பிள் வாங்கி வந்தேன். ஒன்று கண்ணைப் பறிக்கும் எலுமிச்சை நிறம், பின்பக்கத்தில் ஃப்ளோரசென்ட் என்று அச்சடித்திருக்கிறது. இன்னொன்று வெளிறிப்போன பச்சை, அதில் பாஸ்போரசென்ட் என்று இருக்கிறது. விலை பல மடங்கு அதிகம். "ரெண்டும் ஒண்ணுதான் சார், பளிச்சுனு இருக்கறத எடுங்க" என்கிறார் கடைக்காரர். அகராதியைப் பார்த்தால் இரண்டுக்கும் 'ஒளிரும்' என்றே போட்டிருக்கிறது. உண்மையில் என்ன வித்தியாசம்?

ஒயர்மேன்:
வெளிறின பச்சையை எடுங்க சார். பளிச்சுனு இருக்கறது இருட்டில் உதவாது. காரணத்தை வேதிக்கூடம் மேடம் வந்து சொல்லுவாங்க.

வேதிக்கூடம்:
வந்துவிட்டேன். ஒயர்மேன் சொன்னது சரி. இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டுமே வெளியிலிருந்து ஒளியை வாங்கி வேறு நிறத்தில் திருப்பித் தருபவை. எப்போது திருப்பித் தருகின்றன என்பதில்தான் வேறுபாடு. ஃப்ளோரசென்ட் பொருளின் மேல் ஒளி பட்டதும் அதன் எலக்ட்ரான் மேல் ஆற்றல் நிலைக்கு ஏறுகிறது. ஏறிய வேகத்தில் இறங்கியும் விடுகிறது. பெரும்பாலும் சில நானோ நொடிகளில், அதாவது நொடியில் நூறு கோடியில் சில பங்குக்குள், எல்லாம் முடிந்துவிடும். இறங்கும்போது ஆற்றலில் கொஞ்சம் வெப்பமாகப் போய்விடுவதால், வெளியே வரும் ஒளிக்கு உள்ளே போன ஒளியைவிட ஆற்றல் குறைவு. அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா உள்ளே போய், தெரிகிற பச்சையோ மஞ்சளோ வெளியே வருகிறது. 1852-ல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர் இதை விளக்கி, ஃப்ளோர்ஸ்பார் என்ற கனிமத்தை வைத்து இந்த நிகழ்வுக்குப் பெயரும் சூட்டினார்.

உங்கள் எலுமிச்சை நிற டேப் பகலில் அவ்வளவு பளிச்சென்று தெரிவதற்கும் இதுதான் காரணம். சாதாரண மஞ்சள் பெயின்ட் தன்மேல் விழும் மஞ்சள், பச்சை ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். இந்த டேப் அதோடு நிற்காமல், நீலத்தையும் புற ஊதாவையும் வாங்கி மஞ்சள் பச்சையாக மாற்றிக் கூடுதலாகத் தருகிறது. ஆனால் வாங்குவதற்கு ஒளி இருந்தால்தானே தர முடியும்? விளக்கு அணைந்த அதே கணத்தில் அதன் வேலையும் முடிந்தது. கரண்ட் போன படிக்கட்டில் அது வெறும் பிளாஸ்டிக்.

பாஸ்போரசென்ட், தமிழில் நின்றொளிர்தல், வாங்கிய ஒளியை வைத்திருந்து பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும். உங்களுக்கு வேண்டியது இதுதான்.

பத்தாம்வகுப்பு:
மேடம், வாங்கிய ஒளியை எங்கே வைத்திருக்கும்? அதுதான் புரியவில்லை.

வேதிக்கூடம்:
நல்ல கேள்வி தம்பி. ஒளி ஒளியாகவே அங்கே இருப்பதில்லை. ஆற்றலாக இருக்கிறது, மாட்டிக்கொண்ட எலக்ட்ரானின் வடிவில்.

இப்போது விற்கிற நல்ல டேப்களில் இருப்பது ஸ்ட்ரான்சியம் அலுமினேட் என்ற படிகம். அதில் மிகச் சிறிதளவு யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற இரண்டு தனிமங்களைக் கலந்திருப்பார்கள். ஒளி பட்டதும் யூரோப்பியத்திலிருந்து கிளம்பும் எலக்ட்ரான், படிகத்தில் இருக்கும் குறைபாடுகளில் போய் மாட்டிக்கொள்கிறது. நெரிசலான பஸ்ஸில் நடுவில் மாட்டியவர் தன் நிறுத்தம் வந்தாலும் இறங்க முடியாமல் நிற்கிற நிலைமை அதற்கு. அறை வெப்பத்தில் படிகத்தின் அணுக்கள் எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வு தள்ளித் தள்ளி, ஒவ்வொரு எலக்ட்ரானாக வெளியே வந்து யூரோப்பியத்துக்குத் திரும்பும்போது பச்சை ஒளி வருகிறது. முதல் சில நிமிடங்களில் நிறைய வெளியேறும், அப்புறம் குறைந்துகொண்டே போகும். நல்ல தரமாக இருந்தால் இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு விடியும்வரைகூடத் தெரியும்.

அதற்கு முன்பு பல காலம் செம்பு கலந்த துத்தநாக சல்ஃபைடுதான் புழக்கத்தில் இருந்தது. பழைய பொம்மை நட்சத்திரங்கள் சீக்கிரமே மங்கிப்போனதற்கு அதுதான் காரணம். 1990-களில் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் வகையைக் கொண்டுவந்த பிறகு நிலைமையே மாறியது.

கடிகாரக்கடை:
'ரேடியம்' என்ற பெயரைப் பற்றிச் சொல்லாமல் இந்த இழையைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. கடிகாரம் பழுது பார்ப்பது என் தொழில். வண்டி நம்பர் பிளேட்டில் ஒட்டுவதிலிருந்து பூஜை அறைக் கதவில் ஒட்டும் ஓம் வரை எல்லாவற்றையும் நாம் ரேடியம் என்கிறோம். இதில் எதிலும் ரேடியம் கிடையாது. ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது.

துத்தநாக சல்ஃபைடோடு ரேடியத்தைக் கலந்து கடிகார முள்ளிலும் எண்களிலும் பூசினார்கள். ரேடியத்திலிருந்து வரும் கதிர்வீச்சே இரவும் பகலும் அந்தப் பூச்சைத் தூண்டிக்கொண்டிருக்கும், வெளியிலிருந்து விளக்கு எதுவும் தேவையில்லை. அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஆரஞ்ச் நகரத் தொழிற்சாலையில் இளம்பெண்கள் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டு டயல் எழுதினார்கள். அப்படித்தான் செய்யச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ரேடியம் எலும்பில் போய்ச் சேர்ந்தது. தாடை எலும்பு அழுகிப் பலர் இறந்தார்கள். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928-ல் சமரசத்தில் முடிந்தது. வேலையிடத்தில் தொழிலாளரின் பாதுகாப்பு பற்றிய சட்டங்கள் வளர அவர்கள் பட்ட பாடும் ஒரு காரணம்.

அந்தக் காலக் கடிகாரம் வீட்டில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். இப்போது இருட்டில் ஒளிராது. ஒளிரவில்லையே, ரேடியம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. கதிர்வீச்சு அடித்து அடித்துத் துத்தநாக சல்ஃபைடுதான் கெட்டுப்போயிருக்கும். ரேடியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 1600 ஆண்டுகள், அது அப்படியே இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி முள்ளைச் சுரண்டாதீர்கள். பழுப்பேறிய அந்தப் பூச்சு தூளாக உதிரும், மூச்சோடு உள்ளே போகும்.

மொட்டைமாடி:
ஐயா, இது எனக்கு முற்றிலும் புதிய செய்தி. மாமனாரின் பழைய அலாரம் கடிகாரம் ஒன்று பரணில் இருக்கிறது, பேரன் கையில் படாமல் பார்த்துக்கொள்கிறேன். அப்படியானால் இந்தப் பாஸ்போரசென்ட் டேப்பில் கதிர்வீச்சு பயம் இல்லையே?

கடிகாரக்கடை:
இல்லை. உங்கள் டேப் பட்ட ஒளியைத்தான் திருப்பித் தரும். தைரியமாக ஒட்டுங்கள்.

ஒயர்மேன்:
இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். லாரியின் பின்னால் ஒட்டும் சிவப்பு வெள்ளைப் பட்டை இந்த இரண்டு வகையிலும் சேராது. அது ரிஃப்ளெக்டர். ஹெட்லைட் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கமே திருப்பி அனுப்பும். நிறம் மாறாது, சேமிப்பும் கிடையாது. ரோடு வேலை செய்கிறவர்கள் போடும் ஜாக்கெட்டைப் பாருங்கள். துணி ஃப்ளோரசென்ட், அது பகலுக்கும் மாலை மங்கலுக்கும். குறுக்கே தைத்த சாம்பல் பட்டை ரிஃப்ளெக்டர், அது ராத்திரிக்கு. பட்டை இல்லாத பச்சை பனியனைப் போட்டுக்கொண்டு இரவு வேலைக்கு இறங்குகிற பசங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு பதறும். தெருவில் மஞ்சள் சோடியம் விளக்கு எரிந்தால் அதில் நீலமும் புற ஊதாவும் மிகக் குறைவு. அந்த பனியனுக்கும் சாதாரண பனியனுக்கும் வித்தியாசம் தெரியாது.

செந்நிறக்கல்:
ஒரு மாற்றுக் கருத்து. வேதிக்கூடம் அவர்கள் சொன்ன நேரக் கணக்கு நடைமுறைக்குச் சரி, ஆனால் அதையே இலக்கணமாக வைத்துக்கொள்ள முடியாது. மாணிக்கக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் குரோமியம் பச்சையையும் ஊதாவையும் வாங்கிச் சிவப்பாகத் தருகிறது. 1960-ல் மெய்மன் உலகின் முதல் லேசரை இதை வைத்துத்தான் உருவாக்கினார். அந்தச் சிவப்பு வெளியே வர எடுத்துக்கொள்ளும் நேரம் மில்லி நொடிக் கணக்கில். நானோ நொடியோடு ஒப்பிட்டால் பல லட்சம் மடங்கு தாமதம். ஆனாலும் ரத்தினக்கல் சோதிக்கிறவர்கள் எல்லோரும் மாணிக்கத்தை ஃப்ளோரசென்ட் என்றே சொல்கிறார்கள். கோடு எங்கே போடுவீர்கள்?

வேதிக்கூடம்:
நியாயமான கேள்வி. கடிகாரத்தை வைத்துக் கோடு போட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எலக்ட்ரான் எந்த வழியில் இறங்குகிறது என்பதை வைத்துத்தான் போடுகிறார்கள். கரிமச் சேர்மங்களில் எலக்ட்ரானின் சுழற்சி மாறாமல் இறங்கினால் ஃப்ளோரசென்ட். நடுவில் சுழற்சி திரும்பி, மும்மை நிலை என்ற இடத்தில் மாட்டிக்கொண்டால், அங்கிருந்து இறங்குவதற்குக் குவாண்டம் விதிகள் எளிதில் வழிவிடாது. அந்தத் தாமதம்தான் பாஸ்போரசென்ட். 1944-ல் லூயிஸும் காஷாவும் இந்த மும்மை நிலை விளக்கத்தை முன்வைத்தார்கள்.

இந்தக் கண்டிப்பான வரையறைப்படி பார்த்தால், மொட்டைமாடி சாரின் டேப்கூடத் தனி வகை. அதில் நடப்பது படிகக் குறைபாட்டில் மாட்டிக்கொள்வது, மும்மை நிலை இல்லை. ஆய்வுக் கட்டுரைகளில் நீடித்த ஒளிர்வு என்று பிரித்துச் சொல்கிறார்கள். மாணிக்கம் அதற்கு எதிர்த்திசைச் சிக்கல்: அங்கே சுழற்சி மாறத்தான் செய்கிறது, ஆனால் பழக்கத்தில் ஃப்ளோரசென்ட் என்ற பெயர் நிலைத்துவிட்டது. கடைக்குப் போகிறவருக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டாம். விளக்கை அணைத்த பிறகும் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

செந்நிறக்கல்:
வழியை வைத்துப் பிரிப்பது என்றால் எனக்கும் உடன்பாடுதான்.

நெய்தல்நிலம்:
கடலை யாரும் சொல்லவில்லையே! 2019 ஆகஸ்டில் சென்னையில் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் அலை நீலமாக மின்னியது நினைவிருக்கிறதா? எனக்கு வந்த வாட்ஸ்அப் வீடியோக்களில் பாதி ஃப்ளோரசென்ட் அலை என்றது, மீதி பாஸ்போரசென்ட் கடல் என்றது. இரண்டும் இல்லை. அது நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிர். அலை உடையும்போது அதன் உடல் அசைகிறது, உள்ளே லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஒளி வருகிறது. பகல் வெளிச்சத்தைச் சேமித்து வைத்து விடுவதில்லை, தன் உணவிலிருந்து கிடைத்த ஆற்றலைச் செலவழித்து அந்தக் கணத்திலேயே ஒளியை உண்டாக்குகிறது. மின்மினியும் இந்த வகைதான். உயிரொளிர்வு என்று சொல்லுங்கள். கரையோரம் ஈர மணலில் காலை வைத்து அழுத்தினால் பாதத்தைச் சுற்றி நீலப் புள்ளிகள் சிதறி உடனே மறையும். மறுபடி அழுத்தினால் மறுபடி வரும். வெளிச்சத்தைச் சேமித்துத் தருகிற டேப்பைத் தட்டினால் அப்படி வராது.

பத்தாம்வகுப்பு:
பாஸ்பரஸ் என்ற தனிமத்துக்கும் பாஸ்போரசென்ட்டுக்கும் சம்பந்தம் இல்லையா?

வேதிக்கூடம்:
பெயரில் மட்டும்தான். 1669-ல் ஹாம்பர்க்கில் ஹென்னிக் பிராண்ட் என்ற ரசவாதி சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து வெண்பாஸ்பரஸை எடுத்தார், அது இருட்டில் ஒளிர்ந்தது. ஆனால் அந்த ஒளி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிவதால் வருவது. உண்மையான நின்றொளிரும் கல் அதற்கும் முன்பே கிடைத்துவிட்டது. ஏறக்குறைய 1602-ல் இத்தாலியின் பொலோனா நகரில் வின்சென்சோ காஷியரோலோ என்ற செருப்புத் தைப்பவர், பக்கத்து மலையில் கிடைத்த கனமான கல்லைக் கரியோடு சேர்த்துச் சுட்டார். தங்கம் கிடைக்கும் என்ற எண்ணம். கிடைத்தது பேரியம் சல்ஃபைடு. வெயிலில் காட்டிவிட்டு இருட்டில் வைத்தால் செக்கச்செவேல் என்று ஒளிர்ந்தது. ஐரோப்பா முழுக்க அந்தக் கல்லுக்காக அலைந்தார்கள்.

வீட்டிலேயே ஃப்ளோரசென்ட் பார்க்க ஆசையா தம்பி? கொஞ்சம் மஞ்சள் தூளைச் சானிடைசரில் கலக்கித் தெளியவிடு. ரூபாய் நோட்டு சோதிக்கும் ஊதா டார்ச்சை அடித்தால் திரவம் பச்சை கலந்த மஞ்சளாக எழும்பும். கீரையை ஸ்பிரிட்டில் நசுக்கி வடிகட்டினால் திரவம் பச்சையாக இருக்கும், அதே டார்ச்சை அடித்தால் சிவப்பாக ஒளிரும். அது பச்சையத்தின் வேலை. நோட்டையே டார்ச்சில் காட்டினால் வரிசை எண்ணும் காகிதத்தில் பதித்த நுண்ணிழைகளும் ஒளிரும். மூன்றிலும் டார்ச்சை அணைத்ததும் ஒன்றும் மிச்சம் இருக்காது. டார்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதே, அடுப்புப் பக்கம் சானிடைசரையும் ஸ்பிரிட்டையும் கொண்டுபோகாதே.

செந்நிறக்கல்:
ஒளிர்வு என்று பெயரிட்டுக் கடந்துபோகாமல் நின்று பார்த்ததால் நோபல் பரிசு வந்த கதையும் இருக்கிறது. 1923-ல் கல்கத்தாவில் ராமனிடம் ஆய்வு செய்த கே. ஆர். ராமநாதன், திரவங்களில் சிதறிய ஒளியில் நிறம் மாறிய மெல்லிய கீற்று ஒன்றைக் கண்டார். அசுத்தத்தால் வரும் பலவீனமான ஃப்ளோரசென்ஸ் என்றுதான் முதலில் கருதினார்கள். திரவத்தைத் திரும்பத் திரும்பத் தூய்மைப்படுத்தினாலும் அது போகவில்லை. பின்னால் நம் வத்திராயிருப்புக்காரர் கே. எஸ். கிருஷ்ணன் பார்த்தபோது அந்த ஒளி நன்றாக முனைவாக்கம் அடைந்திருந்தது, அதாவது ஒளி அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்ந்தன. சாதாரண ஃப்ளோரசென்ஸ் அப்படி இருக்காது. 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு உறுதியானது.

மொட்டைமாடி:
சாம்பிள் இரண்டையும் சோதித்துவிட்டேன். டியூப் லைட்டுக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்து, ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன். எலுமிச்சை நிறம் இருந்த இடமே தெரியவில்லை, கையால் தடவித்தான் கண்டுபிடித்தேன். வெளிறிய துண்டு பக்கத்தில் இருந்த விரல்களின் நிழலுருவம் தெரியும் அளவுக்குப் பச்சையாக இருந்தது. கத்தரிக்கோலால் வெட்டிய ஓரத்தின் பிசிறுகூட ஒளிக்கோடாகத் தெரிந்தது. வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், விலையைப் பற்றி அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

வேதிக்கூடம்:
ரொம்ப மகிழ்ச்சி சார். ஆர்வம் இருந்தால் இன்னும் ஒன்று. அந்தத் துண்டை இரண்டாக வெட்டி, இரண்டையும் ஒன்றாக ஒளியில் காட்டி, ஒன்றை ஃப்ரீசரில் வையுங்கள், இன்னொன்றைப் பாலிதீன் உறையில் போட்டுச் சுடுநீரில் இறக்குங்கள். இருட்டில் பார்த்தால் சுடுநீர்த் துண்டு பளிச்சென்று எழும்பிச் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஃப்ரீசர்த் துண்டு மங்கலாக இருக்கும். வெளியே எடுத்துக் கையில் பிடித்துச் சூடேற்றினால், மாட்டியிருந்த எலக்ட்ரான்கள் அப்போது கிளம்பி மறுபடி வெளிச்சம் கூடும். பேரனோடு செய்து பாருங்கள்.

வாங்கும்போது டேட்டா ஷீட் கேளுங்கள். ஒளியை நிறுத்தி 10 நிமிடம் கழித்தும் 60 நிமிடம் கழித்தும் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை மில்லிகேண்டலா (வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருக்க வேண்டும். அந்த எண்கள் இல்லாமல் 'இரவு முழுக்க ஒளிரும்' என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். நியூயார்க்கில் உயரமான அலுவலகக் கட்டடங்களின் அவசரப் படிகளில் இந்த வகைப் பட்டை வேண்டும் என்று 2004-ல் சட்டமே போட்டார்கள். 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு உலக வர்த்தக மையத்தின் படிகளில் ஒட்டியிருந்த பட்டைகள் 2001-ல் பலர் இறங்கி வர உதவின.

மொட்டைமாடி:
நிச்சயம் கேட்கிறேன். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. எங்கள் படிக்கட்டில் சென்சார் விளக்கு. ஆள் வந்தால் எரியும், போனால் அணையும். ஜன்னலும் சின்னது. டேப்புக்கு வெளிச்சம் போதுமா?

ஒயர்மேன்:
போதாது சார், நல்லவேளை கேட்டீங்க. ஆள் வந்துபோகும் அந்த அரை நிமிட வெளிச்சத்தில் டேப் நிறையாது. பகலில் யாரும் ஏறாமல் படி இருட்டாகக் கிடந்து, அப்போது கரண்ட் போனால் டேப்பும் இருட்டாகவே இருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு விளக்கைச் சென்சாரிலிருந்து பிரித்து எப்போதும் எரிகிற மாதிரி போடச் சொல்லுங்க. குறைந்த வாட் எல்இடி போதும், ஆனால் கூல் வொயிட் போடுங்க. அதில் நீலம் அதிகம், டேப் அதைத்தான் வாங்கும். வார்ம் வொயிட்டில் நீலம் குறைவு. டேப்பைப் படியின் நுனியில், கீழே இறங்குகிறவர் கண்ணுக்குத் தெரிகிற மேல்பக்கத்தில் ஒட்டணும். முதல் படியிலும் கடைசிப் படியிலும் அகலமாக ஒட்டுங்க, தடுக்கி விழுகிற இடம் அந்த இரண்டும்தான். தூசி படிந்தால் ஒளி உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. கூட்டுகிற அம்மாவிடம் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லிவிடுங்க.

மொட்டைமாடி:
எழுதி வைத்துக்கொண்டேன். திருப்பத்து விளக்குகளுக்கு எலெக்ட்ரீஷியனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், டேப் அதற்கு அப்புறம்.